மாங்காய்ச் சிறுத்தை

"மழை வருமா அண்ணாச்சி?" என்று கேட்டால், அவர் கழுத்தைத் தூக்கி மேற்கே மலையைப் பார்ப்பார். கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு நன்றாகவே பார்ப்பார். பிறகு, "மேகம் இருக்கு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து பெயராது.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காயப்போட்ட வத்தலை எடுக்கவா வேண்டாமா என்று தெரியாமல் வாசலில் நிற்கிறவளுக்கு இது ஒரு பதிலா? மேகம் இருப்பது எனக்கும்தான் தெரிகிறது.

எண்பதுகளின் நடுவில் மூன்று வருஷம் நாங்கள் ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையைப் பார்த்துப் போகிற பாதையில், ஒரு மாந்தோப்புக்குள் குடியிருந்தோம். தோப்புக்காரர் கட்டிப்போட்ட ஓட்டு வீடுகள் இரண்டு. ஒன்றில் நானும் என் கணவரும். மற்றதில் அண்ணாச்சியும் அவர் மனைவியும். கரண்ட் ஆபீஸில் மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை அவருக்கு. தோப்பு தோப்பாகச் சைக்கிளில் போய், பம்ப்செட் ரூமுக்குள் நுழையுமுன் கதவை மூன்று தடவை தட்டி, உள்ளே இருக்கிற பாம்பு பல்லிக்கெல்லாம் நேரம் கொடுத்துவிட்டு, மீட்டரைப் பார்த்து வெள்ளை அட்டையில் எழுதிவிட்டு வருவார். பூட்டிய வீடு என்றால் மறுநாளும் போவார், அதற்கு மறுநாளும் போவார். "போன மாசம் மாதிரிதான் அண்ணாச்சி, எழுதிக்கோங்க" என்று யாராவது சொன்னால், "மீட்டர் என்ன சொல்லுதுன்னு பாக்கணும்லா" என்பார். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் மீட்டர்க்கார அண்ணாச்சி.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில், சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் பிறந்தவள். பக்கத்து வீட்டில் தும்மினால் எங்கள் வீட்டிலிருந்து 'நூறு' என்று வாழ்த்துவோம். அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து தோப்புக்குள் விட்டால் என்ன ஆகும்? குடிவந்த முதல் வாரமே பாம்பு, பாம்பு என்று அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். என் கணவர் மில்லுக்குப் போயிருந்தார். அண்ணாச்சி கையில் கம்பு இல்லாமல், நிதானமாக வந்தார்.

"தங்கச்சி, செத்த நேரம் இரு. தலையப் பாத்தியா, வாலப் பாத்தியா?"

"பாம்பைப் பாத்தேன் அண்ணாச்சி!"

"பாம்புல எதப் பாத்தே?"

யோசித்துப் பார்த்தால் விறகுக்கட்டைக்குள் போன வால்தான். அதுவும் பாதி. சொன்னேன். குனிந்து, விறகைச் சுற்றிவந்து பார்த்தார். "ஏட்டி, தங்கச்சி வீட்டுல ஒரு வால் போயிருக்கு" என்று தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டே போய்விட்டார். சாயங்காலம் கிணற்றடியிலிருந்து கூப்பிட்டார். "சாரைதான். இப்ப முழுசாப் பாத்துட்டேன். ஆனா நீ பாத்த வாலு இதோடதுதானான்னு என்னால சொல்ல முடியாது" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வந்திருக்கும் என்றா நினைக்கிறீர்கள்?

அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். பாவம், அந்த மதினி பட்ட பாடு கொஞ்சம் இல்லை. அவர்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பையன் அண்ணாச்சி ரீடிங் எடுக்கிற தெருவில் இருந்தான். வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து, "பையன் எப்படி?" என்று இவரிடம் கேட்டார்கள். "ரெண்டு தடவ பாத்திருக்கேன். ரெண்டு தடவையும் சைக்கிளத் தொடச்சிட்டிருந்தான்" என்றார். அவ்வளவுதான் தகவல். ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை அண்ணாச்சியும் மதினியும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் போய், மலையேறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தார்கள். தரிசனம் நன்றாக ஆச்சா என்று நான் கேட்டதற்கு, "முன்னால நின்னவரு முதுகுதான் பாத்தேன். பச்சைச் சட்டை" என்றார். மதினி தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனால் ஒன்று. அவர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

வைகாசிக் கடைசியில் அங்கே சுற்றுவட்டாரத்தில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. ஓடை மணலாகக் கிடக்கும். மலையிலிருந்து சாரல் இறங்க இன்னும் நாள் இருக்கும். கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி, முழங்கால் உயரம். அதை நிரப்புவது என் வேலை. தொட்டி வழிந்து பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் தேங்கும். அந்தப் பள்ளம்தான் அந்த மாதம் முழுக்க மொத்தத் தோப்புக்கும் தண்ணீர்ப் பந்தல். காலையில் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு வந்து சண்டை பிடித்துக்கொண்டே குடிக்கும். செம்போத்து, தனியாக, திருட்டு முழி முழித்துக்கொண்டு வரும். நடு மத்தியானம் மயில். பழத்துக்காக வருகிற மலையணில் ஒன்று, வாலே ஒரு முழம் இருக்கும், கீழே இறங்க மனசில்லாமல் கிளையிலேயே நின்று பார்க்கும். ஒரு தடவை உடும்பு வந்தது. எல்லாவற்றையும் என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்க்கலாம்.

முதல் கோடையில் நான் ஜன்னலைச் சாத்தி வைத்தேன். இரண்டாவது கோடையில் பாதி திறந்தேன். மூன்றாவது கோடையில் அடுப்பில் குழம்பு தீய்ந்தது.

அந்தக் கோடையில்தான் கீரிக் குடும்பம் வந்தது. தாயும் குட்டிகளும், சாயங்காலம் நாலு மணிக்கு, ஒன்றின் வாலை ஒன்று பிடித்த மாதிரி வரிசையாக. அண்ணாச்சி வேலை முடிந்து வந்திருப்பார். அவர் அவர்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்ப்பார், நான் என் ஜன்னலிலிருந்து. கீரி போன பிறகு வெளியே வந்து கணக்குப் பேசுவோம்.

"குட்டி நாலு அண்ணாச்சி."

"மூணு."

"நாலு. நான் எண்ணினேன்."

"தாயையும் சேத்து எண்ணிட்டே. குட்டி மூணு, தாய் ஒண்ணு."

மறுநாள் பார்த்தால் மூன்றுதான். விட்டுக்கொடுக்க மனசு வராது எனக்கு. "ஒண்ணு பின்தங்கியிருக்கும்" என்பேன். "இருக்கலாம். பாக்கல" என்பார். கோபப்படவே மாட்டார். அதனாலேயே எனக்குக் கோபம் வரும். ஆனாலும் நாலு மணி எப்போது ஆகும் என்று காத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்கே மாங்காய்ச் சிறுத்தையைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு மற்றது விளங்காது. அந்தப் பக்கத்துத் தோப்புகளில் காய் முற்றுகிற நேரத்தில் வருஷா வருஷம் ஒரு சிறுத்தை மலையிலிருந்து இறங்கும். காவல்காரர்கள் டீக்கடையில் வந்து சொல்வார்கள். எங்கள் தோப்புக் காவல்காரர் அதில் கைதேர்ந்தவர். "வெள்ளனப் போயி பாக்கேன், ஓடை மணல்ல தடம் கெடக்கு, இம்புட்டு அகலம்" என்று தன் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். ஊருக்குள்ளிருந்து மாங்காய் பறிக்க வருகிறவர்களைப் பயமுறுத்த அதைவிடச் செலவில்லாத வேலி கிடையாது. கடைசி மரத்துக் காய் இறங்கியதும் சிறுத்தையும் மலையேறிவிடும். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, 'இந்த வருஷம் மாங்காய்ச் சிறுத்தை வந்துட்டா?' என்று கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள். அண்ணாச்சி மட்டும் சிரிக்காமல், "தடம் எந்த எடத்துல?" என்று கேட்பார். காவல்காரர் பேச்சை மாற்றிவிடுவார்.

எங்கள் மகளுக்கு அப்போது எட்டு மாதம். தவழத் தொடங்கியிருந்தாள். ஒரு நாள் காலையில் அவளுடைய தொட்டில் சேலையை உதறினேன். உள்ளேயிருந்து ஒரு கருந்தேள் விழுந்தது. அவளை அதில் போடுவதற்கு எடுத்த சேலை. கணவர் வந்ததும் டவுனுக்குக் குடிபோவோம் என்றேன். "பாத்துக்கிட்டா சரியாப் போச்சு. இந்தக் காத்து டவுன்ல வருமா?" என்றார். மூன்று நாள் அதே பதில். ஆண்களுக்குக் காற்று ஒரு பெரிய விஷயம். பிள்ளையைத் தரையில் விடுகிறவள் நான்.

நாலாவது நாள் மத்தியானம் சண்டை முற்றியது. என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"காலையில தொட்டிப் பக்கம் சிறுத்தை நின்னுச்சு. நான் பாத்தேன்."

அவர் சிரித்தார். "என்னட்டி, மாங்காச் சிறுத்தையா?"

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"அப்படியா? அண்ணாச்சி வந்து கேக்கட்டும். அவருகிட்டச் சொல்லு பாப்போம்" என்று நேரே போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்.

அண்ணாச்சி படிக்குக் கீழே நின்றார். சாப்பாட்டில் பாதியில் எழுந்து வந்திருந்தார். கை ஈரமாக இருந்தது. "எங்கே நின்னுச்சு தங்கச்சி?" என்றார். தொட்டிக்கு மேற்கே என்றேன். "தலையப் பாத்தியா, வாலப் பாத்தியா?" என்றார். இரண்டும் பார்த்தேன் என்றேன். "வாலு எப்படி இருந்துச்சு?" என்றார். நீளமாக, நுனி மட்டும் மேலே வளைந்து இருந்தது என்றேன். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டர்ச் சிறுத்தைக்கு வால் அப்படித்தான் இருந்தது.

என் முகத்தைப் பார்த்தார். மலையைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு, "சரி" என்றார்.

மூன்று வருஷத்தில் என்னுடைய ஒரு எண்ணிக்கையைக்கூட அப்படியே ஏற்றுக்கொள்ளாதவர், அதை ஏற்றுக்கொண்டார். ஒருத்தி பார்க்காமலே 'பார்த்தேன்' என்று சொல்லக்கூடும் என்பது அவர் மண்டையில் ஏறவே ஏறாது. தப்பாக எண்ணலாம், வாலைப் பாம்பு என்று சொல்லலாம். பார்க்காமல் எப்படிச் சொல்வாள்?

அன்று சாயங்காலமே என் கணவர் டவுனில் வீடு பார்க்கப் போனார். எனக்கு ஜெயித்த சந்தோஷம். கீரிகள் நாலு மணிக்கு வந்துபோயின.

அண்ணாச்சி காவல்காரரைத் தேடிப்போய்ச் சொல்லியிருக்கிறார். "சிறுத்தை எறங்கியிருக்கு. தங்கச்சி தலையிலருந்து வாலு வரைக்கும் பாத்திருக்கு. சூதானமா இருங்க" என்று. நான் சொல்லியிருந்தால் காவல்காரர் சிரித்திருப்பார். அவரே கட்டிவிட்ட கதை அல்லவா அது. ஆனால் சொன்னது அண்ணாச்சி. மனுஷனுக்கு வெலவெலத்துப் போயிற்று. "நாம சும்மா சொல்லிட்டிருந்தோம், நெசமாவே வந்துருச்சே!" என்று டீக்கடையில் புலம்பினாராம். தோப்பில் அவருக்கு ஆறு ஆடு இருந்தது. அதுதான் அவர் சொத்து. இரண்டு நாள் ஆட்டைக் கட்டிக்கொண்டு கண் மூடாமல் கிடந்தார். இரண்டாம் நாள் வயிறு உப்பி ஒரு குட்டி செத்துப்போயிற்று. அதன் வயிற்றைக் கிழித்து, பருத்திக்கு அடிக்கிற மருந்தை உள்ளே ஊற்றி, சிறுத்தைக்கென்று ஓடையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையில் துணி வாளியோடு கிணற்றடிக்குப் போனேன். தாய்க்கீரி தொட்டிப் பள்ளத்தில் வாய் வைத்தபடி கிடந்தது. தண்ணீருக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் ஒரு குட்டி. துவைக்கிற கல்லுக்கு அடியில் இன்னொன்று. ஓடையிலிருந்து அவ்வளவு தூரம் தண்ணீருக்கு ஓடி வந்திருக்கின்றன. நான் ஊற்றி வைத்த தண்ணீர்.

அண்ணாச்சி வந்தார். தடத்தைப் பிடித்து ஓடை வரைக்கும் போய், மருந்து நாறுகிற ஆட்டுக்குட்டியைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். குந்தி உட்கார்ந்தார். தொடவில்லை. "மூணு கெடக்கு. ஒண்ணக் காணோம்" என்றார்.

"அண்ணாச்சி, நான் பாக்கல" என்றேன்.

"எத?"

"சிறுத்தைய. நான் பாக்கவே இல்ல. டவுனுக்குப் போகணும்னு சொன்னேன்."

அவர் தலையைத் தூக்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். 'ஏன் தங்கச்சி' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் தேளைச் சொல்லியிருப்பேன், பிள்ளையைச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார். ஆட்டுக்குட்டியை ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார். கீரிகளையும் புதைத்தார். தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, பள்ளத்து மண்ணையும் வெட்டி அள்ளினார். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. இன்னொரு குட்டியைத் தேடி வேலி வேலியாக நடந்தார். நான் பின்னாலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

"அது பொழச்சிருக்கும்ல அண்ணாச்சி?"

"பாக்கல தங்கச்சி."

ஒரு ஆறுதலுக்கு 'ஆமா' என்று சொல்லத் தெரியாத மனுஷன். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் காவல்காரரிடம் போனார். நானும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "சிறுத்தை இல்ல. நான் பாக்காததச் சொல்லிட்டேன்" என்றார். "தங்கச்சி பாத்துச்சுன்னு சொன்னீகளே?" என்றார் காவல்காரர். "உம்மகிட்ட வந்து சொன்னது யாரு? நான்லா? தப்பு என் மேல" என்றார். என் பேரை அதற்கு மேல் எடுக்கவே இல்லை. என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

காவல்காரர் சும்மா இருப்பாரா? இத்தனை வருஷமாகத் 'தடம் எங்கே' என்று கேட்டுக் கேட்டுத் தன் வாயை அடைத்த ஆள் மாட்டிக்கொண்டார். பெரிய ரோட்டு முக்கில் இருக்கிற டீக்கடையில் கதை பரவியது. பிள்ளைக்கு ஊசி போடப் போகும்போது பஸ்ஸுக்காக அங்கேதான் நிற்க வேண்டும். என் காது படவே கேட்டேன். "அண்ணாச்சி, டீயில சீனி இருக்கா? குடிச்சுப் பாத்தீகளா, பாக்காமச் சொல்லுதீகளா?" "அண்ணாச்சி, மீட்டரெல்லாம் வீட்டுல இருந்தேதான் எழுதுவீகளோ?" எல்லோரும் சிரித்தார்கள். அவர் டீயைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டு சைக்கிளில் ஏறினார். என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார், போய்விட்டார். நான் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனி பிறந்ததும் டவுனில் வீடு அமைந்துவிட்டது. டெம்போவில் சாமான் ஏற்றினோம். காலையிலிருந்தே சாரல். அண்ணாச்சிதான் பீரோவை நிறுத்தி, கயிறு போட்டுக் கட்டினார். என் கணவர் உள்ளே மதினியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"டவுன் வீட்டுக்குப் பின்னால ஒரு வேப்பமரம் நிக்குன்னு மாப்ளை சொன்னாரு" என்றார் அண்ணாச்சி. "என்னென்ன வந்து அடையுதுன்னு பாத்து வையி. அந்தப் பக்கம் வாரப்ப கேட்டுக்கிடுதேன்."

"நான் சொன்னா நம்புவீகளா அண்ணாச்சி?"

கயிற்றை இழுத்து, முடிச்சுப் போட்டு, அது இறுகியிருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இனிமே நீ பாக்காததச் சொல்ல மாட்டே தங்கச்சி" என்றார்.

இதை அவர் எங்கே பார்த்தார்? நாளைக்கு நான் எப்படி இருப்பேன் என்பதை யார் பார்த்தது? என்னை நம்பி ஒரு முறை சொல்லிவிட்டு ஊர் சிரிக்க நின்றவர், மறுபடியும் என்னை நம்பியே சொன்னார்.

டெம்போ கிளம்பியது. முன்சீட்டில் நானும் மகளும் கணவரும். பெரிய ரோட்டு முக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னேன். ஏதோ மறந்துவிட்டேன் என்று கணவர் நினைத்தார். பிள்ளையை அவர் மடியில் வைத்துவிட்டு, சாரலில் இறங்கி டீக்கடைக்குப் போனேன். காவல்காரர் இருந்தார். இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒரு பெண் தனியாக வந்து அங்கே நிற்கிற வழக்கம் இல்லை. பேச்சு நின்றது.

"அண்ணாச்சி பாக்காததச் சொல்லல. சிறுத்தையப் பாத்ததா அவருகிட்டப் பொய் சொன்னது நான்" என்றேன்.

காவல்காரர் குனிந்து கையிலிருந்த டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து டெம்போவில் ஏறினேன். கணவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். மடியில் பிள்ளையோடு என்னையே பார்த்தார். அவள் என்னிடம் வரக் கையை நீட்டினாள்.

"வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றேன்.